முடிந்த வேலையும் முடியாத வேலையும்

ஒரு பெரிய ஆலையையோ கடல் நடுவே நிற்கும் எண்ணெய் மேடையையோ காண்பவர்கள், அதனை அமைத்த பொறியியலாளரைப் புகழ்வர். முதலிட்ட நிறுவனத்தின் பெயரையும் அறிவர். அங்கே பம்பிகளையும் குழாய்களையும் நாள்தோறும் கழற்றியும் பூட்டியும் காத்துவரும் இயந்திரத் தொழில்நுட்பவியலாளரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அவருடைய கையில் எத்துணைப் பொறுப்பு இருந்தது என்பதை, விபத்து நேர்ந்த பின்னரே உலகம் உணர்கின்றது.

அவருடைய தொழில் நுண்ணியது. பம்பியின் தண்டும் அதனைச் சுழற்றும் மோட்டாரின் தண்டும் ஒரே நேர்கோட்டில் அமைதல் வேண்டும். மில்லிமீற்றரில் ஒரு சிறு பின்னமளவு விலகினும் அதிர்வு தோன்றும்; அதிர்வினால் தேய்வும், தேய்வினால் கசிவும் உண்டாகும். குழாய்களை இணைக்கும் தகடுகளின் ஆணிகளை வரிசையாக முறுக்கிச் செல்லுதல் கூடாது. எதிரெதிரே உள்ளவற்றை மாறிமாறிப் படிப்படியாக இறுக்குதல் வேண்டும். இல்லையேல் இடையிலுள்ள காப்பு வளையம் ஒரு பக்கத்தில் நசுங்கி, மறுபக்கத்தில் வழிவிட்டுவிடும்.

நிலத்திலுள்ள ஆலையில் தீ மூண்டால் ஓடித் தப்ப வாயில் உண்டு. கடல் மேடையிலோ இயந்திரம் இருக்கும் இடமே உறங்கும் இடமுமாகும். அங்கே பகல் முறை, இரவு முறை எனப் பன்னிரண்டு மணி நேரம் மாறிமாறி வேலை செய்வது வழக்கம். ஒருவர் தொடங்கிய வேலையை மற்றொருவர் தொடர வேண்டியிருத்தலின், கைத்திறனைப் போலவே சொல்லும் எழுத்தும் அங்கே உயிர்காக்கும் கருவிகளாகின்றன.

இவ்வுண்மையை உலகிற்குக் கொடுமையாக உணர்த்தியது பைப்பர் அல்பா என்னும் மேடையாகும். ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகருக்கு வடகிழக்கே, ஏறத்தாழ 120 மைல் தொலைவில், வட கடலில் நின்ற அம்மேடை 1976ஆம் ஆண்டு எண்ணெய் எடுக்கத் தொடங்கியது. எரிவாயுவிலிருந்து பிரியும் திரவத்தைக் கரைக்குச் செல்லும் குழாயினுள் செலுத்த அங்கே இரண்டு பம்பிகள் இருந்தன. 1988ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் திகதி அவற்றுள் ஒன்று பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அதன் அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் காப்பு வால்வும் சோதனைக்காகக் கழற்றப்பட்டு, திறந்த குழாய்வாய் வெறும் தகட்டினால் மூடப்பட்டது. மாலைக்குள் வால்வை மீண்டும் பூட்ட முடியவில்லை. பகல் முறையினர் கலைந்தனர். இரவு முறையினர் வந்தனர்.

இரவு பத்து மணிக்குச் சற்று முன்னர் மற்றைய பம்பி நின்றுவிட்டது. பம்பியின் பராமரிப்புக்குரிய அனுமதிப் பத்திரத்தை இரவு முறையினர் அறிந்திருந்தனர். அவ்வேலை தொடங்கப்படவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். வால்வு கழற்றப்பட்ட செய்தியோ அவர்களை எட்டவில்லை. வால்வு இருந்த இடமும் பம்பியருகே நிற்பவரின் கண்ணுக்கு எளிதில் தெரியாதது. ஆகவே நிறுத்திவைத்த பம்பியை இயக்க முற்பட்டனர். இறுக்கம் போதாத அந்தத் தகட்டினூடாக வாயு கசிந்து வெடித்தது என்பதே பின்னர் விசாரணையில் பெறப்பட்ட முடிவாகும். தொடர்ந்து அயல் மேடைகளிலிருந்து வந்த பெரிய வாயுக் குழாய்களும் வெடித்தன. மேடையில் இருந்த 226 பேரில் 61 பேரே உயிர் தப்பினர். மீட்கச் சென்ற படகினர் இருவரையும் சேர்த்து 167 பேர் மாண்டனர்.

தகட்டைப் பூட்டிய கையை மாத்திரம் பழித்தல் நீதியாகாது. கலன் பிரபுவின் தலைமையில் நடைபெற்ற விசாரணையின் அறிக்கை 1990ஆம் ஆண்டு வெளியாயிற்று. அனுமதிப் பத்திர முறை பெயரளவில் இருந்து நடைமுறையில் தளர்ந்திருந்ததையும், முறை மாறும்போது செய்தி ஒழுங்காகக் கையளிக்கப்படாததையும், நிருவாகம் இக்குறைகளைக் களையாதிருந்ததையும் அது எடுத்துக்காட்டியது. அவ்வறிக்கையின் 106 பரிந்துரைகளும் ஏற்றுக்கொள்ளப்பட்டன. வேலை நடைபெறும் பகுதியின் வால்வுகளைப் பூட்டி அடையாளச் சீட்டுக் கட்டுதல் அவற்றுள் ஒன்றாகும்.

அச்சீட்டு ஒரு சிறு துண்டுதான். ஆயினும், வேலையைப் பாதியில் நிறுத்திச் சென்றவர் உறங்கும்போதும் அது அவருக்காகப் பேசுகின்றது. எங்கே கழற்றினேன், எதனைப் பூட்டவில்லை, எதனைத் தொடலாகாது என்று அடுத்தவருக்கு அறிவிக்கின்றது. முடித்த வேலையைச் சொல்வதில் எவருக்கும் தயக்கமில்லை. முடியாத வேலையை மறைக்காது எழுதிவைத்து, வந்தவரை அழைத்துச் சென்று காட்டுவதற்கே நேர்மையும் பொறுமையும் வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் உழைத்துக் களைத்த ஒருவருக்கு அந்தச் சில நிமிடங்கள் பெருஞ்சுமையாகத் தோன்றலாம். ஆனால் அவரும் அவருடைய தோழர்களும் அவ்விரவு அச்சமின்றி உறங்குவது அந்தச் சில நிமிடங்களின் காவலிலேயாகும்.