குலசைக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள்



2024 பிப்ரவரி 28 அன்று, நம் மணப்பாட்டுக்கு வடக்கே குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். தசராவுக்குப் பெயர்போன குலசையைத் தேடி ராக்கெட்டும் வரக் காரணம் பூகோளம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்துருவம் நோக்கிக் கிளம்பும் ராக்கெட், இலங்கைக்கு மேலே பறக்கக் கூடாது என்பதற்காக வளைந்து போகிறது. அதில் எரிபொருள் வீணாகிறது. குலசைக்கு நேர் தெற்கே திறந்த கடல். சுமார் 500 கிலோ மட்டுமே சுமக்கும் எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சின்ன ராக்கெட்டுக்கு இந்த எரிபொருள் மிச்சம் பெரிய லாபம்.

அந்த வளாகத்தில் மணப்பாட்டுப் பெண்பிள்ளைகளுக்கு என்ன வேலை? சமையலும் துப்புரவும்தானா? இல்லை. இரண்டு பெண்களைப் பாருங்கள்.

செங்கோட்டை விவசாயி ஒருவரின் மகள் நிகார் ஷாஜி. படித்தது அரசுப் பெண்கள் பள்ளியில். பிறகு திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில். (திருச்செந்தூரில் பஸ் மாறினால் போய்ச் சேர்ந்துவிடுகிற நெல்லைதான்.) 1987இல் இஸ்ரோவில் சேர்ந்த அவர், சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் ஆனார். 2023 செப்டம்பர் 2இல் கிளம்பிய அது, பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள தன் இடத்தை 2024 ஜனவரி 6இல் அடைந்தது. அரியலூர் வளர்மதி, 2012இல் ஏவப்பட்ட ரிசாட்-1இன் திட்ட இயக்குநர். இரவானாலும் மேகம் மூடினாலும் தரையைப் பார்க்கும் ரேடார் செயற்கைக்கோள் அது.

பிறகு நம் பிள்ளைகளைத் தடுப்பது எது? வீட்டில் தமிழ், கல்லூரியில் ஆங்கிலம். இடையில் தடுமாறும் பிள்ளை, 'விஞ்ஞானம் நமக்கு எட்டாது' என்று தானே ஒதுங்கிவிடுகிறாள். எவ்வளவு பெரிய நஷ்டம்! ஓர் உதாரணம்: ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போக விடுவார்களா என்று மீனவர்கள் கவலைப்படுகிறார்கள். நியாயமான கவலை. கொண்டல் காற்று அடித்தால் வலை எங்கே, கச்சான் காற்று அடித்தால் எங்கே என்று அப்பாவிடம் தமிழில் கேட்டு, தடைப்பகுதி வரைபடத்தை வைத்து ஆங்கிலத்தில் கணக்கோடு வாதாட யாரால் முடியும்? டெல்லியிலிருந்து வருகிற அதிகாரியாலா? இரண்டு மொழியும் புழங்கும் இந்தக் கரைப் பெண்தான் அந்த வேலைக்குப் பொருத்தமானவள்.

அதற்கான ஒரு வழி பள்ளியிலேயே திறக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக இஸ்ரோ 2019 முதல் 'யுவிகா' என்ற கோடை முகாம் நடத்துகிறது. கிராமப் பள்ளியில் படித்தால் தேர்வில் கூடுதல் மதிப்பெண் உண்டு. அறிவிப்பு பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வரும். அந்த மாதங்களில் ஆசிரியர்கள் இஸ்ரோ இணையதளத்தை ஒரு பார்வை பார்த்துவையுங்கள்.