பச்சை படர்ந்த குளத்துத் தண்ணீர்



முப்பது வருஷமாக இந்த மாவட்டத்தில் ஊர் ஊராகப் போய், "தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்று சொல்லி வருகிறவன் நான். என்னைக் கண்டதும், "கொதிச்ச தண்ணி சார் வந்தாச்சு" என்று கூவுகிற பிள்ளைகள் உண்டு. இன்றைக்கு அந்தப் பேச்சுக்கு ஒரு விலக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடையில், குளத்தங்கரை ஊர் ஒன்றில் கூட்டம் முடிந்து புறப்படுகிற நேரம். கைக்குழந்தையோடு ஒரு தாய் வந்து, "சார், பைப்புல தண்ணி வந்து நாலு நாளாச்சு. கொளத்துத் தண்ணி பச்சையாட்டு கெடக்கு. கொதிக்க வச்சு பிள்ளைக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டார். நான் யோசிக்காமல், "நல்லாக் கொதிக்க வச்சுக் கொடும்மா" என்றேன். பக்கத்தில் நின்ற மாமியார், "அந்த நாத்தம் பிடிச்ச தண்ணியையா? வேண்டாம் மக்களே" என்று தடுத்துவிட்டார். மாமியார் சொன்னதுதான் சரி. படித்த நான் சொன்னது தப்பு.

ஏன் தப்பு என்று கேளுங்கள். காலரா, டைபாய்டு கிருமிகளுக்கு உயிர் உண்டு, கொதித்தால் செத்துப்போகும். பச்சைத் தண்ணீரில் நமக்குக் கெடுதல் செய்வது அதில் வளரும் ஒரு வகைப் பாசி தயாரித்து வைத்திருக்கிற விஷம். விஷத்துக்கு உயிர் ஏது, சாவதற்கு? அடுப்பில் வைத்தால் பாசி உடைந்து உள்ளே இருந்த விஷமும் தண்ணீரில் இறங்கும். தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய விஷத்தின் செறிவு கூடும். துணியால் வடிகட்டினாலும், படிகாரம் போட்டாலும், தேத்தாங்கொட்டை தேய்த்தாலும் தண்ணீர் தெளியும். கரைந்த விஷம் போகாது.

2014 ஆகஸ்டில் அமெரிக்காவில் டொலிடோ என்ற நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் ஈரி ஏரியில் இப்படிப் பச்சை படர்ந்தது. நாலு லட்சம் பேருக்கு மேல் குழாய்த் தண்ணீரைத் தொடாமல் இருந்தார்கள். "கொதிக்க வைக்கவும் வேண்டாம்" என்றுதான் அங்கே அதிகாரிகள் அறிவித்தார்கள்.

இதற்கு நீலப்பச்சைப் பாசி என்று பெயர். பெயர்தான் பாசி, உண்மையில் பாக்டீரியா இனம். இந்தக் குலத்தில் எல்லாமே கெட்டதில்லை. நெல்வயலுக்கு உயிர் உரம் என்று போடுகிறோமே, அதுவும் இதே குலந்தான். மைக்ரோசிஸ்டிஸ் முதலான சில வகைகள்தான் ஈரலைத் தாக்கும் விஷத்தை உண்டாக்குகின்றன. 1996-ல் பிரேசில் நாட்டுக் கருவாரு நகரில், சிறுநீரக நோயாளிகளின் இரத்தத்தைச் சுத்தம் செய்யப் பயன்படுத்திய தண்ணீரில் இந்த விஷம் கலந்து, ஐம்பது பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

இது நம் குளத்துக்கு எப்படி வருகிறது? பேச்சிப்பாறைத் தண்ணீர் சானலில் ஓடுகிற மாதங்களில் குளம் நிறைந்து மறுகால் போகும், பாசி தங்காது. கும்பப்பூ அறுவடை முடிந்து அணையை அடைத்த பிறகு, பங்குனி சித்திரையில் தண்ணீர் வற்றி, அசையாமல், வெயிலில் சூடேறிக் கிடக்கும். அதற்குள்ளே ஏற்கெனவே சாப்பாடு தயாராக இருக்கிறது. அத்தான் வயலில் போட்ட டி.ஏ.பி.யும் யூரியாவும் வடிகாலில் வந்து சேரும். அக்கா படித்துறையில் கரைத்த சோப்புப் பொடியும் சேரும். கக்கூஸ் தண்ணீரைக் குளத்துக்குத் திருப்பிவிட்ட வீடுகளும் உண்டு. யார் செய்த தப்பு என்று வீட்டில் சண்டை போட வேண்டாம். எல்லாம் ஒரே தண்ணீருக்குத்தான் போகிறது. இந்தச் சத்து வண்டலிலும் தங்கிவிடும். உரத்தைக் குறைத்த பின்னும் வண்டல் பல வருஷம் பாசிக்குத் தீனி போடும். முன்காலத்தில் கோடையில் வண்டல் வெட்டி வயலுக்குப் போட்டார்களே, அது குளத்துக்கும் வைத்தியம்தான். அனுமதி வாங்கி இன்றும் செய்யலாம்.

பாசிக்குள் சின்னஞ்சிறு காற்றுப் பைகள் உண்டு. காற்றில்லாத காலையில் மேலே மிதந்து வந்து ஆடைபோல் படியும். பிறகு வீசும் காற்று அதை ஒரு கரைக்கு ஒதுக்கும். அந்தக் கரையில் படித்துறை இருந்தால், குளிக்கிற பிள்ளைகள் வாயிலும், தண்ணீர் குடிக்கிற மாட்டின் வாயிலும் விஷம் மொத்தமாகப் போகும்.

பச்சையைக் கண்டதும் சிலர் துருசு வாங்கக் கிளம்புகிறார்கள். ரப்பருக்கு அடிக்கிற அதே துருசு. தயவுசெய்து போடாதீர்கள். 1979-ல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில், குடிநீர் அணையில் பாசி படர்ந்தது என்று துருசு போட்டார்கள். பாசி செத்தது, விஷம் முழுவதும் தண்ணீரில் கலந்தது. சில நாளில் 148 பேர் வாந்தியும் ஈரல் வீக்கமுமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அவர்களில் 138 பேர் குழந்தைகள். பிளீச்சிங் பவுடரைக் கொட்டினாலும் பாசி உடையத்தான் செய்யும்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீரே கொடுக்க வேண்டாம். அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் கூட்டுக் குடிநீர் அல்லது ஆழ்துளைக் கிணற்று நீர்தான். பைப் நின்றால் ஊராட்சியில் லாரித் தண்ணீர் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். பச்சைத் தண்ணீரில் சோறும் பொங்கக்கூடாது. அந்தக் குளத்து மீனையும் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடுங்கள். விஷம் அதன் ஈரலிலும் குடலிலும் சேரும். குளித்தபின் அரிப்போ, வாந்தியோ, வயிற்றுப்போக்கோ கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து, "பச்சைத் தண்ணியில குளிச்சது" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

எல்லாப் பச்சையும் இந்தப் பாசி இல்லை. ஒரு குச்சியால் கோரிப் பாருங்கள். நூல்நூலாகத் தொங்கினால் சாதாரணப் பாசி. பெயிண்ட் பூசினதுபோல் குச்சியில் ஒட்டினால் சந்தேகப்பட வேண்டும். இன்னொரு வழி, கையில் படாமல் ஒரு கண்ணாடிக் குப்பியில் அந்தத் தண்ணீரை முக்கால்வாசி பிடித்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் ராத்திரி முழுவதும் அசைக்காமல் வையுங்கள். காலையில் பச்சை மேலே வந்து மிதந்தால், அது விஷமுள்ளதா இல்லாததா என்று கண்ணால் சொல்ல முடியாது. விஷம் என்றே வைத்துக்கொண்டு, படித்துறையில் யாரும் இறங்காமல் ஒரு கயிறு கட்டிவிட்டு, சுகாதார ஆய்வாளரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.