புயல் போன பிறகு அள்ளுவது யார்?



2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயல் நமது புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. மரம் எத்தனை, வீடு எத்தனை, மின்கம்பம் எத்தனை என்று கணக்கெடுத்தார்கள். எடுக்கத்தான் வேண்டும். ஆனால், செத்த ஆடுமாடுகளையும் உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஓடுகளையும் சாக்கடைச் சேற்றையும் அள்ளிய கைகளைப் பற்றி எந்தக் கணக்கில் எழுதினார்கள்?

2004 சுனாமியில் நாகப்பட்டினத்தில் அழுகிய உடல்களை எடுக்க வெளியூர்களிலிருந்து அழைத்துவரப்பட்ட துப்புரவுப் பணியாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள். 2015 சென்னை வெள்ளத்துக்கும் பிற மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் வண்டி வண்டியாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பேரிடர்க் கழிவுக்கு இங்கே திட்டமே இல்லை என்று சொல்கிறோம். எழுதப்படாத திட்டம் ஒன்று இருக்கிறது தோழர்களே, அதன் பெயர் சாதி.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணம் தருவதில் சாதிப் பாகுபாடு கூடாது என்கிறது பிரிவு 61. நல்லது. நிவாரண வேலையைச் சாதி பார்த்துப் பிரிக்கக் கூடாது என்று அந்தப் பிரிவில் ஒரு வரி இல்லை. பிரிவு 31, மாவட்டத்துக்கு ஒரு திட்டம் வேண்டும், எந்தத் துறைக்கு என்ன பொறுப்பு என்று அதில் இருக்க வேண்டும், ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும் என்கிறது. நாம் பிடிக்க வேண்டிய இடம் இதுதான்.

நமது கோரிக்கைகள் எளியவை. இடிபாடுகளைக் கொட்டிப் பிரிக்கும் இடத்தை மழைக்கு முன்பே முடிவு செய்யுங்கள். அது காலனியை ஒட்டி இருக்கக் கூடாது. மரம் அறுக்கும் இயந்திரம், பொக்லைன், லாரி ஆகியவற்றுக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் போடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டை நனைத்துத்தான் எடுக்க வேண்டும், முகக்கவசம் இல்லாமல் யாரும் தொடக் கூடாது. கையுறையும் காலணியும் மழைக்கோட்டும் 2016 திடக்கழிவு விதிகளிலேயே சேர்க்கப்பட்டன. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத் தங்க இடம், இரட்டைச் சம்பளம், காப்பீடு வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இவை எல்லாம் பொருந்த வேண்டும். பணிப் பட்டியலில் எல்லாத் துறையினரின் பெயரும் வர வேண்டும்.

இது வெறும் சுகாதாரப் பிரச்சினை என்று யாராவது சொன்னால், வேங்கைவயலுக்குப் போய்ச் சொல்லச் சொல்லுங்கள். தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை 2022 டிசம்பரில் பார்த்த மாவட்டம் இது.

அக்டோபர் 2 கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்குச் சில வாரங்களே இருக்கும் நேரம். உங்கள் ஊரில் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த முறை புயல் வந்தால், அள்ளுவதற்கு யாரைக் கூப்பிடப் போகிறீர்கள்? பதிலைத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள்.