கொடையாக வந்த மடிப்பு



'ஒரி' என்றால் மடித்தல். 'கமி' என்றால் காகிதம். இரண்டும் சேர்ந்த ஒரிகாமியைப் பிள்ளைகளின் பொழுதுபோக்காகவே நாம் அறிந்திருக்கிறோம். அதன் வேர் ஈகையில் இருக்கிறது என்று சொல்லவே இன்று வந்தேன்.

கி.பி. 610இல் கொரியாவிலிருந்து வந்த துறவி தொன்சோ காகிதம் செய்யத் தெரிந்தவர் என்று 'நிஹோன் ஷொகி' என்னும் பழைய வரலாற்று நூல் கூறுகிறது. ஜப்பானியர் கோஸோ என்னும் முசுக்கட்டை இனச் செடியின் பட்டையில் காகிதம் செய்தார்கள். அதன் நார் நீளமானது. பலமுறை மடித்தாலும் எளிதில் கிழியாது. ஆனால் விலை அதிகம். அதனால் வழிபாட்டுக்கும் பெரியோருக்குத் தரும் பரிசுக்குமே மடித்தார்கள். இன்ன பொருளுக்கு இன்ன மடிப்பு என்று சாமுராய்க் குடும்பங்களில் முறை வகுத்திருந்தார்கள். 1764இல் இஸே சததாகே என்பவர் அம்முறைகளை நூலாக்கினார். கடற்சிப்பிச் சதையை உலர்த்திக் கீற்றாக்கி, மடித்த தாளில் வைத்துப் பரிசோடு தருவது 'நோஷி'. இன்று அதன் உருவம் பரிசுறைகளில் பெரும்பாலும் அச்சாகவே வருகிறது. சதை போய்விட்டது, மரியாதை நிற்கிறது.

காகிதம் மலிந்த எடோ காலத்தில் மடிப்பு விளையாட்டும் ஆயிற்று. ஒரே தாளைக் கீறி, அலகும் சிறகும் ஒட்டியபடியே பல கொக்குகளை மடிக்கும் 49 வகைகளைச் சொல்லும் நூல் 1797இல் கியோத்தோவில் வெளிவந்தது. அவ்வகைகளை உருவாக்கியவர் குவானா ஊரின் பௌத்தத் துறவி கிதோ. கொக்கு என்றால் நம் வயல் கொக்கு அன்று. உச்சி சிவந்த பெரும்பறவை, ஆயிரம் ஆண்டு வாழும் என்று அந்நாட்டார் போற்றுவது. இருபதாம் நூற்றாண்டில் இக்கலையை உயர்த்திய அகிரா யோஷிஸாவாவுக்குத் தனிச் சொற்பொழிவே வேண்டும். இன்று அந்தக் கொக்கைத் தொடர்ந்து ஹிரோஷிமாவுக்குப் போவோம்.

1945 ஆகஸ்டு 6 அன்று அங்கே அணுகுண்டு விழுந்தபோது சதாகோ சசாகி என்ற சிறுமிக்கு இரண்டு வயது. 1955இல் அவளை இரத்தப் புற்றுநோயோடு மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஆகஸ்டில் நகோயாவிலிருந்து நோயாளிகளுக்கு அன்பளிப்பாகக் காகிதக் கொக்குகள் வந்தன. அவற்றைப் பார்த்துத்தான், ஆயிரம் மடித்தால் வேண்டியது கிட்டும் என்ற நம்பிக்கையில் சதாகோவும் மடிக்கத் தொடங்கினாள். தாள் கிடைக்காதபோது மருந்துப் பொட்டல உறைகளையே மடித்தாள். 644 மடித்ததும் இறந்துவிட்டாள் என்று எலனோர் கோயர் 1977இல் எழுதிய கதையை உலகமெங்கும் பிள்ளைகள் படிக்கிறார்கள். உண்மை வேறு. அவள் ஆயிரத்தைக் கடந்தாள் என்கிறது ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகம். அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. அதன் பிறகும் அவள் மடித்துக்கொண்டே இருந்தாள். கதையைவிட இதுவே எனக்குப் பெரிது. வரம் கேட்கும் கணக்கு முடிந்த பிறகும் அந்தக் கை ஓயவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 25 அன்று, பன்னிரண்டு வயதில் மறைந்தாள்.

வகுப்புத் தோழர்கள் தொடங்கிய நிதித்திரட்டலால் 1958 மே 5 அன்று பிள்ளைகளுக்கான அமைதிச் சின்னம் எழுந்தது. சதாகோ மடித்தவற்றில் எஞ்சிய சிலவற்றைக் குடும்பத்தார் பல நாடுகளுக்குக் கொடையாகத் தந்தார்கள். ஒன்று, 1941இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய பேர்ல் துறைமுகத்தின் நினைவகத்தில் 2013இல் வைக்கப்பட்டது.