உழைப்பை விற்றோம், ஒப்போலையை விற்றிலோம்!

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)

நாளெல்லாம் பொறிகளோடு பொருதி, அலுத்த மெய்யினராய் இங்குக் குழுமியிருக்கும் தொழிலாளத் தோழர்களே!

ஓட்டு என்று தெருவில் வழங்கும் ஒப்போலை யாருக்கு உரியது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இஃதென்ன வினா, அவரவர்க்கு உரியதுதானே என்பீர்கள். ஆனால், தேர்தல் வந்தவுடன் அதற்கு உரிமை கொண்டாடி இருவர் வருகின்றனர். ‘கூலி கொடுப்பவன் நான், என் சொற்படி இடு’ என்கின்றான் முதலாளி. ‘கூலி உயர்வு வாங்கித் தந்தவன் நான், என் சொற்படி இடு’ என்கின்றான் தொழிற்சங்கத் தலைவன். இருவர்க்கும் நடுவில், ஒப்போலைக்கு உரியவன் வாய்பேசாது நிற்கின்றான்.

இங்கிலாந்து நாட்டின் வடபால் பிளாக்பர்ன் என்று ஓர் ஊர். பருத்தி நூலும் துணியுமே அதன் வாழ்வு. 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நகரத்து உழைப்பாளர் பலர் முதன்முறையாக ஒப்போலை உரிமை பெற்றனர். ஆயின், அக்காலத்தில் அது மறைவாக இடப்பெறவில்லை. யாருக்கு என்பதைப் பலர் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்லவேண்டும். அது பதிவேட்டில் எழுதப்பெறும். 1868-ஆம் ஆண்டுத் தேர்தற் காலத்தில், முதலாளிமார் விரும்பாத பக்கம் நின்ற ஆலைத் தொழிலாளர் வேலையினின்று நீக்கப்பெற்றனர். வென்ற இருவருள் ஒருவர் அவ்வூரின் பெரிய நூலாலை உடைமையாளர். வழக்கு நடந்தது. அச்சுறுத்தல் மெய்யே எனக் கண்ட நடுவர், 1869-இல் அவ்வெற்றியைச் செல்லாதாக்கினார். பின் நிகழ்ந்தது என்ன? மறுதேர்தலில், இருக்கை இழந்த இருவரின் மைந்தர்களே நின்றனர், வென்றனர்! ஆள் மாறியது, ஆலையின் நிழல் மாறவில்லை.

இந்நோய்க்கு மருந்தாகத்தான் மறைவொப்போலை வந்தது. ஆத்திரேலிய நிலத்தின் விக்டோரியாவும் தென்னாத்திரேலியாவும் 1856-இலேயே அதனை மேற்கொண்டன. இங்கிலாந்து 1872-இல் மேற்கொண்டது. எவன் எவர்க்கு இட்டான் என்பது அதன்பின் முதலாளிக்குத் தெரியாது. தனியொருவனைப் பழிவாங்கும் வழி அடைபட்டது.

அச்சுறுத்துவோர் சும்மா இருந்தனரா? வேறு வழி கண்டனர். 1896-இல் அமெரிக்க ஒன்றியத்தில் மெக்கின்லியும் பிரையனும் குடியரசுத் தலைவர் தேர்தலில் எதிர்நின்றனர். மறைவொப்போலை பெரும்பாலான மாநிலங்களில் வந்துவிட்டிருந்த காலம் அது. ஆலை முதலாளிகள் பலர், ‘பிரையன் வென்றால் ஆலை திறவாது, வேலைக்கு வரவேண்டா’ என்று தம் தொழிலாளரிடம் கூறினர். நீ எவர்க்கு இட்டாய் என்று கேட்கவேண்டிய தேவையே இல்லை. அனைவர் அடுப்பையும் ஒருங்கே அவித்துவிடுவேன் என்பதே அதன் பொருள். பிரையன் தோற்றார். 2012-இல் அதே நாட்டின் ஒகையோ மாநிலத்தில், ஒரு நிலக்கரிச் சுரங்கத்தை அன்றைக்கு மூடி, வேட்பாளர் ஒருவரின் கூட்டத்திற்குத் தொழிலாளர் வரவேண்டும் என்றனர். அன்றையக் கூலியும் அவர்களுக்கு இல்லை! 

இனி, நம் பக்கத்துக் குறையையும் மறையாது பேசுவோம். தொழிலாளர் கழகம் ஒரு கட்சியை ஆதரித்தலில் தவறில்லை. உறுப்பினர் கூடி, ஆய்ந்து, தாமே முடிவெடுத்தால் அஃது உரிமை. தலைவன் தனியே பேசி முடித்து, ‘என் கையில் இத்தனையாயிரம் ஒப்போலை’ என்று கட்சி வாயிலில் விலைகூறினால் அது வாணிகம். இங்கிலாந்தின் தொடர்வண்டித் தொழிலாளர் ஒருவர், தாம் ஏற்காத கட்சிக்குத் தம் கட்டணம் போவதை எதிர்த்து வழக்காடி 1909-இல் வென்றார். அதன் விளைவாக 1913-இல் வந்த சட்டம் மூன்று வரம்புகளை இட்டது: அரசியற் செலவுக்குத் தனித்தொகை வேண்டும், அதற்கு உறுப்பினரின் ஒப்போலை வேண்டும், விரும்பாதவன் விலகிக்கொள்ளலாம். நம் நாட்டில் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமும், அரசியற்றொகை செலுத்துமாறு எவனையும் வற்புறுத்தலாகாது, செலுத்தாதவனுக்குக் கழகத்தின் நலன்களை மறுக்கலாகாது என்று வரையறுத்தது. அதனைப் படித்துக்காட்டிய தலைவர் எத்தனை பேர்?

நம் நாட்டில் 1951-ஆம் ஆண்டு மக்கள் சார்பாளர் சட்டம், ஒப்போலையின் மறைவைக் காக்கின்றது. வேட்பாளரும் அவர்தம் ஆட்களும் அச்சுறுத்துதலை முறைகேடு என்கின்றது. 1996-இல் சேர்க்கப்பெற்ற பிரிவின்படி, ஒப்போலை நாளில் கூலியோடு விடுமுறை தரவேண்டும். தராத முதலாளிக்கு ஒறுப்பு என்ன தெரியுமா? மிகுதியாகப் போனால் 500 உருபா! மேலும், இக்கால் ஒவ்வொரு சாவடியின் எண்ணிக்கையும் தனித்தனியே வெளியாகின்றது. ஆலைக் குடியிருப்பு மக்கள் எப்பக்கம் சாய்ந்தனர் என்பதை எவரும் கண்டுகொள்ளலாம். பல சாவடிகளின் எண்ணிக்கையைக் கலந்து எண்ணலாம் எனத் தேர்தல் ஆணையம் 2008-இல் முன்மொழிந்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. தனியாளுக்கு மறைவு உண்டு, குடியிருப்புக்கு இல்லை. 1896-இல் கண்ட அச்சத்திற்கு இன்றும் வாயில் திறந்தே கிடக்கின்றது.

ஆகவே தோழர்களே, மூன்று கடமைகள் நமக்கு உண்டு. முதலாளி தேர்தலைப் பற்றிப் பேசினால் கேளுங்கள்; ஆனால், வேலையைக் காட்டிப் பேசினால் அதனை எழுதிவைத்து, கூடி நின்று எதிருங்கள். கழகம் ஒரு கட்சியைச் சுட்டினால், ‘எந்தக் கூட்டத்தில் எங்களைக் கேட்டு முடிவெடுத்தீர்?’ என்று எழுந்து கேளுங்கள். உங்களோடு ஒருவன் மாறாக இட்டான் என ஐயுற்றால், அவனைப் பகைக்காதீர்கள். அவன் உரிமையைக் காப்பவனே தன் உரிமையைக் காக்கின்றான்.

காலை முதல் மாலை வரை நம் கைகள் ஆலைக்கு உரியன. அதற்குக் கூலி பெறுகின்றோம். சாவடியின் மறைப்புக்குள் நுழையும் அந்த ஒரு நொடியில், அக்கை நமக்கே உரியது. அதற்குக் கூலி கொடுப்பாரும் இல்லை. கொடுத்தால் வாங்குவாரும் நம்முள் இருத்தலாகாது.