புதுக்கோட்டையில் ஒரு காலை

குகட்பள்ளியில் குடியிருக்கும் நமக்குக் கோல்ஃப் ஆட்டம் நெடுநாள் வரை செல்வர்தம் பொழுதுபோக்காகவே தோன்றி வந்தது. பந்தை அடிப்பதும், அதன் பின்னே நடப்பதும், மீண்டும் அடிப்பதும் ஓர் ஆட்டமா என்று நகைத்ததும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் நண்பர் ஒருவர் நம்மைக் கோல்கொண்டாவுக்கு அழைத்துச் சென்றார். அன்றோடு அந்த நகைப்பு நின்றது. ஆனால், வேறொரு கவலை பிறந்தது.

நாம் சென்ற இடத்திற்கு 'நயா கிலா' என்று பெயர். புதுக்கோட்டை என்பது பொருள். (தொண்டைமான்கள் ஆண்ட நம் புதுக்கோட்டையன்று.) 1656இல் ஔரங்கசீப்பின் படை வந்து மிரட்டிச் சென்ற பின்னர், கோட்டைக்கு அருகிலிருந்த மேட்டைப் பகைவர் மீண்டும் பயன்படுத்தலாகாது என்று கருதிய அப்துல்லா குதுப்ஷா, அதையும் மதிலுக்குள் வளைத்துக் கட்டினார். 1687இல் கோல்கொண்டா வீழ்ந்தேவிட்டது. மதில் மட்டும் நிற்கிறது. அம்மதிலின் உள்ளேதான் இன்று புல்வெளி விரிந்து, சிறு கொடிகள் அசைகின்றன.

நல்ல கோல்ஃப் களம் எது? ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரிலுள்ள பழைய களத்தை எவரும் வரைபடம் போட்டு அமைக்கவில்லை. கடற்காற்றும் மணலும் ஆடுகளும் அமைத்தன என்பார்கள். ஒரு சுற்றுக்கு 22 குழிகள் என்றிருந்ததை 1764இல் 18 ஆகக் குறைத்தார்கள். உலகம் அதையே கணக்காகக் கொண்டது. அலிஸ்டர் மெக்கன்சி என்னும் மருத்துவர் போயர் போரில் பணியாற்றியவர். போயர் வீரர்கள் நிலத்தோடு நிலமாக மறைந்து நின்ற திறத்தைக் கண்டு வியந்த அவர், பிற்காலத்தில் களம் அமைப்பதையே தொழிலாகக் கொண்டு, 1920இல் அது பற்றி ஒரு நூலும் எழுதினார். மனிதன் வெட்டிய மணற்குழியும் இயற்கையாய்க் கிடந்த குழிபோலத் தோன்ற வேண்டும். வலியவனுக்கு ஒரு வழியும் எளியவனுக்கு மற்றொரு வழியும் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

அக்கொள்கையின் பொருளை நண்பரின் ஓர் அடியில் கண்டோம். பள்ளத்தைத் தாண்டி நேரே அடித்தால் குழி அருகாகும். தவறினால் பந்து பாறைகளிடையே போய்விடும். வலப்புறம் சுற்றிச் சென்றால் ஓர் அடி கூடும், அச்சமில்லை. நண்பர் நெடுநேரம் நின்றார். நேரே அடித்தார். பந்து பாறையில் பட்டு எங்கோ மறைந்தது. அவர் முகத்தில் வருத்தத்தினும் மகிழ்ச்சியே மிகுந்திருந்தது! மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம், களத்தின் பள்ளத்தையும் மணலையும் குறிக்கும் 'ஹசார்ட்' என்ற சொல்லை 'இடையூறு' என்று எழுதிவிட்டிருப்போம். அது போதாது. வேண்டி விரும்பி ஏற்கும் இடையூறு அது.

இனி நம் கவலைக்கு வருவோம். இக்கோட்டைக்குள் முல்லா கியாலியின் பள்ளிவாசல் உண்டு. ஏறத்தாழ 27 மீட்டர் சுற்றளவுள்ள ஆப்பிரிக்க மரம் ஒன்றும் உண்டு. மன்னாரிலும் நெடுந்தீவிலும் பெருக்கமரம் என்று வழங்குவது அதுவே. 2014இல் தொல்லியல் துறையினர் இங்கே அகழ்ந்தபோது குதுப்ஷாகி காலத் தோட்டம் ஒன்றின் நீர்வாய்க்கால்களும் நீரூற்றுகளும் வெளிப்பட்டன. புல்வெளிக்காக மண்ணை நிரவியதால் இன்னும் எவையெவை புதைந்தனவோ என்று மரபுக் காவலர்கள் முறையிட்டுள்ளார்கள். அம்முறையீடு நியாயமானது என்றே நாம் கருதுகிறோம். நிலத்தின் இயல்பை மதிப்பதே நல்ல களத்தின் இலக்கணமாயின், இந்நிலத்தின் இயல்பில் அதன் வரலாறும் அடங்கும் அன்றோ?

நண்பர் இதை மறுத்தார். ஆட்டம் இல்லையேல் இவ்விடம் முட்புதராகவும் வீட்டுமனைகளாகவும் ஆகியிருக்கும் என்றார். குகட்பள்ளியின் ஏரிகளுக்கு நேர்ந்ததை நினைத்து நாம் சற்றே வாயடைத்தோம்.

ஆயினும் ஒன்று சொன்னோம். செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய களத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக ஆட்டம் இல்லை. அன்று ஊரார் குழந்தைகளோடும் நாய்களோடும் அப்புல்லில் உலாவுகிறார்கள். அந்நிலம் ஊருக்குரியது. அத்தகைய ஒரு நாளை இங்கும் வைத்தால் என்ன?

நண்பர் விடை கூறவில்லை. பாறையிடுக்கில் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார். நாமும் குனிந்து தேடத் தொடங்கினோம்.