கரையில் நின்றவன் கதை

(மணவூரில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, அயர்லாந்தில் 'இம்ராம்' என்று பழைய கதை வகை ஒன்று உண்டு. மாட்டுத்தோல் போர்த்திய படகிலே தீவு தீவாகப் போகிற கதைகள். மெயில்டூன் என்பவன் அப்பனைக் கொன்றவர்களைப் பழிவாங்கக் கிளம்பி, கடைசியில் பழியை விட்டுவிட்டுத் திரும்புகிறான். நல்ல கதைதான். ஆனால் படகிலிருந்து இறங்கியவன் கதை. தீவிலே இருந்தவன் சொன்னதில்லை. பின்னாலே அதே அயர்லாந்துக் கரையில் இங்கிலாந்துப் படை இறங்கினபோது அயர்லாந்துக்காரனே 'காட்டுமிராண்டி' ஆகிப்போனான்.

நம்மிடமும் ஒரு கடல்கதை இருக்கு. மணிமேகலையில் வருகிற சாதுவன். சூதாடிச் சொத்தைத் தொலைத்த புகார் வணிகன். கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்குகிறான். நாகர்கள் அம்மணமானவர்கள், மனுசக்கறி தின்பவர்கள். கள்ளுப்பானையும் எலும்பும் சூழ, தலைவன் கரடி மாதிரி உட்கார்ந்திருக்கிறான். பௌத்தப் பிரதி, நம்ம பிரதி என்று கொண்டாடுகிற நாம் இந்தக் கரடியைக் கண்டுகொள்வதில்லை. ஊர்க்காரன் சேரியைப் பற்றிச் சொல்வதும் இதுதானே?

அந்தத் தலைவன், வந்தவனுக்குக் கள்ளும் கறியும் கொடுக்கச் சொல்கிறான். (ஒரு பெண்ணையும் கொடுக்கச் சொல்கிறான், அதை நியாயப்படுத்த நான் வரவில்லை.) சாதுவன் மறுத்து அறம் பேசுகிறான். உடம்பை விட்ட உயிர் இன்னொரு இடத்துக்கு எப்படிப் போகும் என்று மடக்கிக் கேட்கிறான் தலைவன். காலில் விழுந்த பிறகும் பேரத்தை விடவில்லை: கள்ளையும் கறியையும் எங்களால் விடமுடியாது, எங்களுக்கு ஏற்ற அறத்தைச் சொல்லு. சாதுவன் இறங்கி வருகிறான். கப்பல் உடைந்து வருகிறவர்களைக் கொல்லாதே. மூத்துத் தானாகச் செத்த விலங்கைத் தவிர வேறு உயிரைத் தொடாதே.

செத்த விலங்கு, தோழர்களே! சிதறுண்ட மக்கள் பௌத்தர்களாக இருந்ததும் மாட்டுக்கறியை விடாததுமே தீண்டாமைக்கு வேர் என்று 1948-இல் அம்பேத்கர் எழுதினார். அவர்கள் தின்றது செத்த மாட்டை, கொன்றதை அல்ல, அதனால் அகிம்சைக்கு விரோதமில்லை என்றும் வாதாடினார். என் யூகத்தைச் சொல்கிறேன். கரையிலே ஒருத்தன் பேரம் பேசி வாங்கிய அறத்தைத்தான் பார்ப்பனியம் பின்னால் தீட்டு என்று திருப்பி எழுதியது. அதே அம்பேத்கர் 1927-இல் மகாடில், செத்த மாட்டைத் தின்பதை விடுங்கள் என்று சொன்னதற்கும் காரணம் இருக்கு. அறமாக இருந்தது அதற்குள் அடிமைச் சேவகமாகியிருந்தது.

அகில், சந்தனம், துணிமூட்டை எல்லாம் வாங்கிக்கொண்டு சாதுவன் சந்திரதத்தன் கப்பலில் ஊர் திரும்பிவிட்டான். கப்பல் போனபின் தலைவன் தன் சனங்களிடம் என்ன பேசினான்? அந்தக் காதை எழுதப்படவில்லை. நீங்கள் எழுதுங்கள். எழுதுவதற்கு முன்னால், செத்த மாடு தூக்கமாட்டேன் என்று எதிர்த்து நின்ற பெருசுகள் உங்கள் தெருவிலேயே இருப்பாங்க, அவங்ககிட்ட போய் உட்காருங்க.